சிவப்பு மூடி போட்ட பாட்டில்

சின்னவள் தன் வாழ்நாளில் ஒரு ஹாம்ஸ்டர் எலியைக்கூட நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் குடும்பத்தில் அவள் பெயர் எலி டாக்டர். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒரு பெரியப்பா அவள் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சி, "எலி வாடை வருதே" என்பார். வீடே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். பிறகு அந்த முயற்சியைக் கைகழுவிவிட்டாள்.

விளக்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. கன்னத்தில் பை வைத்த ஒரு குட்டிப் பெண் எலி, சின்னவளின் அம்மா பிறப்பதற்கும் முன்னால் எங்கோ செத்துப்போனது. அதன் சினைப்பையிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் சாக மறுத்துவிட்டன. தட்டில் போட்டு, சத்துத் தண்ணீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தால் போதும், பெருகிக்கொண்டே போகும். சத்துத் தண்ணீரை ஆய்வகத்தில் மீடியம் என்பார்கள். அந்தச் செல்களுக்குத் தீனி போட்டு, தட்டு நிறைந்ததும் பிரித்து வேறு தட்டில் போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்து, மாமியார் இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்வதுதான் சின்னவளின் உத்தியோகம்.

அவளிடம் இருந்தவை இரண்டு வகை. மீடியம் பாட்டிலும் இரண்டு. பச்சை மூடி போட்டது நல்ல செல்களுக்கு. சிவப்பு மூடி நோய்ச் செல்களுக்கு. நோய்ச் செல்லில் ஒரே ஒரு மரபணு பழுது. அதனால் ஒரே ஒரு நொதி சுரக்காது. அந்த நொதி இல்லாவிட்டால் ஒரு வகைக் கொழுப்பு கரையாமல் செல்லுக்குள்ளேயே குப்பையாகத் தங்கிவிடும். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலும் குப்பை மூட்டை மூட்டையாக மினுங்கும்.

அதே நொதிதான் அவளுடைய அக்கா மகளுக்கும் சுரக்கவில்லை.

குட்டிமாவுக்கு நாலு வயது. அந்த வீட்டில் யாரையும்விடச் சீக்கிரம் பேசியவள் அவள்தான். பேச்சென்றால் பேச்சு, காது வலிக்கும். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக உதிர ஆரம்பித்தது. முதலில் நீளமான வார்த்தைகள் போயின. அப்புறம் குட்டி வார்த்தைகள். "சித்தி" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவள் இப்போது "த்தி" என்றாள். அந்தத் "த்தி"யும் என்றைக்கு நிற்குமோ என்று சின்னவள் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நோய்க்கு இருந்த ஒரே வழி எலும்பு மஜ்ஜை மாற்று. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மஜ்ஜை குட்டிமாவுக்குப் பொருந்தியது. ஆஸ்பத்திரியில் தேதியும் குறித்தாகிவிட்டது. "போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுவும் சீக்கிரம் செஞ்சாத்தான்" என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். உயிருக்கு ஆபத்து உண்டு என்பதையும் அதே குரலில் சொன்னார். அக்கா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியருக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை வந்தது.

பேராசிரியர் பெரிய மனிதர். உள்ளே நுழைந்தால் வாசனைத் திரவியம் முதலில் வரும், அவர் பிறகு வருவார். செல் வேலை நடப்பது ஹூட் என்னும் கண்ணாடிப் பெட்டிக்குள். கிருமி புகாமல் காற்றை வடிகட்டி விடும் பெட்டி அது. அதன் முன்னால் அவர் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆனால் நிறுவனத்து மலரில் அவரைப் பற்றிக் கட்டுரை வரப்போகிறது. வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் விஞ்ஞானி மாதிரி இருக்காது என்று போட்டோக்காரர் சொல்லிவிட்டார்.

"சார், கையில ஏதாவது வச்சுக்கிட்டு வேலை பார்க்கிற மாதிரி இருங்க. கலரா ஏதாவது இருந்தா நல்லா வரும். அந்தச் சிவப்பு மூடி இருக்கே, அது."

சின்னவள் அப்போதுதான் நல்ல செல்களைப் பிரித்துப் போடுவதற்காகத் தட்டிலிருந்து கழற்றி, பச்சை மூடிக் குழாய் ஒன்றில் கலங்கலாக வைத்திருந்தாள். "சார், நான் இதை எடுத்துடறேன்" என்று கையை நீட்டினாள்.

"நீ கொஞ்சம் தள்ளும்மா. ஃபிரேம்ல வர்ற" என்றார் பேராசிரியர்.

ஏழு வருடமாக அந்த ஹூட் முன்னால் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவள், ஃபிரேமில் வந்துவிடாமல் கதவுக்கு வெளியே போய் நின்றாள். உள்ளே பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "இன்னொண்ணு சார். லேசா சிரிங்க. நோயை ஜெயிச்ச மாதிரி."

மறுநாள் நோய்ச் செல்கள்மேல் புது மருந்துச் சோதனை ஆரம்பம். குப்பையைக் கரைக்கும் என்று பேராசிரியர் நம்பிய ஒரு பொடி. சின்னவள் புது பாட்டில் மீடியம் எடுக்கப் போனாள். அவர் குறுக்கே வந்தார்.

"நேத்து அந்தச் சிவப்பு மூடி பாட்டில் பாதி அப்படியே இருக்கே. மருந்தை அதுலயே கலந்துடு. எதையும் வீணாக்கக் கூடாது."

கலந்தாள். மருந்து இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த தட்டுகளுக்கு மட்டும் புது பாட்டில் திறந்தாள். சொன்ன பேச்சைக் கேட்பதில் அவளுக்கு ஈடு யாருமில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் தட்டைப் பார்த்தவள் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மருந்து ஊற்றிய தட்டில் குப்பையே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மருந்தில்லாத தட்டில் மூட்டைகள் பழையபடி மினுங்கின. அவள் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே இந்த நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரை ஆய்வகத்துக்கு வரவழைத்தார். தட்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எல்லோரும் வரிசையில் நின்று பார்க்க ஏற்பாடு செய்தார். பக்கத்தில் நின்று, "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று தன் வீட்டுச் சொத்தைக் காட்டுவதுபோல் காட்டினார். அடுத்த வருடமே நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். அக்காவின் முறை வந்தபோது அவள் தோளைத் தட்டி, "உங்க பொண்ணு முதல் ஆள். நம்ம லேப் பொண்ணோட அக்காவாச்சே" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை.

"இது நம்ம குட்டிமாவோட செல்லா?"

"இல்லக்கா. எலியோடது."

"ஏதோ ஒண்ணு. சரியாயிடுச்சுல்ல?"

"ஆயிருக்குக்கா" என்றாள் சின்னவள். அப்போது அவளும் நம்பினாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு குண்டு விழுந்தது. அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

"ஆபரேஷன் தேதியை வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்க மாமாகிட்டதான். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். மாசக்கணக்கா அவளைக் கண்ணாடி ரூம்ல அடைச்சு, முடியெல்லாம் கொட்டி, பிழைக்குமான்னே தெரியாம... எதுக்குடி? ஒரு வருஷத்துல உன் மருந்து வருது. என் கண்ணால பார்த்தேன்."

"அக்கா, ஒரு வருஷம்னா..."

"ஒரு வருஷம் பொறுக்க மாட்டேனா நான்?"

பொறுப்பாள். குட்டிமாவின் வார்த்தைகள் பொறுக்குமா என்பதுதான் கேள்வி. கூடத்தில் குட்டிமா ஒரு செருப்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மாமா பரம சாது. எதைச் சொன்னாலும் "பண்றேன்" என்பார். அதன் பிறகு அந்தக் காரியம் நடந்ததாகச் சரித்திரம் கிடையாது. குளியலறைக் குழாய் குட்டிமா பிறந்ததிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அக்கா ஒரு விஷயத்தைக் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி சொன்னால் அவர்கூடச் செய்துவிடுவார் என்று சின்னவள் நினைத்தாள்.

அதுவரை அவள் மனதில் மூலையில் கிடந்த ஒரு சின்ன விஷயம் அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தது. குணமான செல்கள் அநியாய வேகத்தில் வளர்ந்தன. நோய்ச் செல்கள் சோம்பேறிகள். தட்டு நிறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். இவையோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிறைந்து வழிந்தன. நோய் தீர்ந்தால் தெம்பு வரத்தானே செய்யும் என்று அவளே சமாதானம் சொல்லியிருந்தாள். இப்போது அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை.

ஒரு துளிச் செல்லை எடுத்து மரபணுவைப் படித்துப் பார்க்க அனுப்பினாள். கணக்கு எளிது. மருந்து குப்பையைக் கரைக்கலாம். மரபணுவில் உள்ள பழுதை அது தொடவே தொடாது. ஆகவே பழுது அங்கேயே இருக்க வேண்டும். இருந்தால் நிம்மதி.

முடிவு வந்தது. பழுது இல்லை. மருந்துக்குக் குப்பையே கிடைத்திருக்காது, அவ்வளவு ஆரோக்கியமான மரபணு.

அவள் தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கு ஓடினாள். அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"மரபணுவையே சரி பண்ணியிருக்கு!"

"சார்..."

"உலகத்துல எந்தப் பொடியும் இதைச் செஞ்சதில்ல! உனக்குப் புரியுதாம்மா இது என்னன்னு?"

"புரியுது சார். இதுங்க நம்ம நோய்ச் செல்லே இல்ல. நல்ல செல் எப்படியோ உள்ள புகுந்து, நோய்ச் செல்லை எல்லாம் தள்ளிட்டு, இடத்தைப் பிடிச்சிருக்கு."

"எப்படிப் புகும்? நம்ம லேப்லயா? விதி போட்டிருக்கேனே, செவுத்துல ஒட்டியிருக்கேனே." அவர் முகம் சுருங்கியது. "உன் கை எங்கயாவது தவறியிருந்தா மட்டும்தான் புகும். அப்படித்தான்னு எழுதிக் கொடுக்கிறியா?"

எழுதிக் கொடுத்தால் அவர் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எழுதிக் கொடுக்காவிட்டால் அக்கா அந்த மருந்து நம்பிக்கையை விடமாட்டாள் என்பதும் தெரியும். கை எங்கே தவறியது என்று மண்டையைக் குடைந்தபடி வெளியே வந்து நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் பேராசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மலரில் வந்த படத்தை அவரே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்னவளும் தினம் போவாள். தான் இல்லாத படத்தை எவள் நின்று பார்ப்பாள்? இன்றைக்குத்தான் பார்த்தாள்.

படத்தில் ஹூட். பேராசிரியர். இடது கையில் பச்சை மூடிக் குழாய், மூடி திறந்திருந்தது, உள்ளே கலங்கல். வலது கையில் பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழல். பிப்பெட்டின் நுனி சிவப்பு மூடி பாட்டிலின் வாய்க்குள் இருந்தது. நுனியிலிருந்து ஒரு கலங்கல் துளி அப்போதுதான் விழுந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் கெட்டிக்காரர், அந்தத் துளியைக்கூடக் கோட்டை விடவில்லை. பேராசிரியரின் தலைக்கு மேலே, அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய விதி தெளிவாகத் தெரிந்தது: 'ஒரு பாட்டில் ஒரு செல்லுக்கு மட்டுமே. மாற்றித் தொடாதீர்.'

கையும் களவுமாக மாட்டிய திருடன் தன் படத்தைத் தானே சட்டம் போட்டு மாட்டி, ராத்திரி பகல் விளக்கும் போட்டு வைத்திருப்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. அப்புறம் குட்டிமா ஞாபகம் வந்து அது நின்றுபோனது.

பேராசிரியரைக் கையோடு அழைத்து வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் முதலில் தன் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. அதுக்கென்ன?"

"கையைப் பாருங்க சார்."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிஜமான அறிவாளிதான் அவர், அதில் குறை சொல்ல முடியாது. துளி எங்கே போனது, மறுநாள் அந்தப் பாட்டிலில் எதைக் கலக்கச் சொன்னார், அது எந்தத் தட்டுகளுக்கு மட்டும் போனது என்பதெல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"வேற யார் பார்த்தாங்க?"

"தினம் எல்லாரும் பார்க்கிறாங்க சார்."

"அது இல்லம்மா... சரி. அடுத்த மாசம் மாநாடு இருக்கு. அது முடியட்டும். அப்புறம் நிதானமா, ஒரு சின்ன திருத்தம் மாதிரி..."

"என் அக்கா பொண்ணோட ஆபரேஷனைக் கேன்சல் பண்ணிட்டாங்க சார். உங்க தட்டைப் பார்த்துட்டு."

அவர் குரல் தடித்தது. "சொந்தக்காரங்களை வச்சுக்கிட்டு விஞ்ஞானம் பண்ணக் கூடாதும்மா. உணர்ச்சி கலந்துடும்."

"கலந்தது உணர்ச்சி இல்ல சார்" என்றாள் சின்னவள். ஏழு வருடத்தில் அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிய கையோடு செல்போனை எடுத்து, படத்தை அவர் கண் முன்னாலேயே பக்கத்தில் போய் நின்று படம் பிடித்துக்கொண்டாள். அவர் பழக்கதோஷத்தில் லேசாகச் சிரித்தார்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா குட்டிமாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்ததை விழுங்குவதற்கே குழந்தைக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. மாமா வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

சின்னவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "மருந்து வேலை செய்யலக்கா. ஒண்ணுமே செய்யல. நீ பார்த்தது குணமான செல் இல்ல. எப்பவும் நல்லா இருந்த செல். இவர் கை தவறி ஊத்தினது."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பொய்."

"அக்கா..."

"என் கண்ணால பார்த்தேன்டி! நீயே ஆயிருக்குன்னு சொன்னே! இப்ப வந்து இல்லேன்னா? எதுக்கு? உங்க லேப் சண்டையா? உன் பேரைப் போடலையா அவர்?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. செல்போனை நீட்டினாள். அக்கா பிடுங்கிப் பார்த்தாள். படத்தை விரலால் பெரிதாக்கி, துளியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், தலைக்கு மேலே இருந்த விதியை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக வாசித்தாள். அவளுக்குச் செல் தெரியாது, நொதி தெரியாது. ஒரு கரண்டியை இரண்டு பாத்திரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

"இதுக்கா..." என்றாள். "இந்த ஆள் போட்டோவுக்குச் சிரிச்சதுக்கா நான் என் பொண்ணோட தேதியை..."

உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு திடீரென்று எழுந்தாள். "போன். போன் எங்க? ஆஸ்பத்திரிக்குப் போடுங்க. கால்ல விழுந்தாவது கேட்கறேன். அந்தத் தேதியை வேற யாருக்காவது கொடுத்திருந்தா... ஏங்க! உங்களைத்தான்! நீங்க என்னிக்குப் பேசினீங்க? யார்கிட்டப் பேசினீங்க?"

மாமா பேப்பரை மடித்தார். நாலாக மடித்தார். எட்டாக மடிக்க முடியுமா என்று பார்த்தார்.

"அது வந்து... பண்றேன்னு சொன்னேன்."

"பண்ணீங்களா?"

"தினமும் நம்பரை எடுத்து வச்சுப்பேன். அழுத்த வரல." அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "நேத்து ராத்திரி குட்டிமா என்னை அப்பான்னு கூப்பிடல. கையை மட்டும் நீட்டினா. ஒரு வருஷம் எப்படி இருக்கிறதுன்னு... எனக்குப் பயமா இருந்துச்சு. உன்கிட்டச் சொல்லவும் பயமா இருந்துச்சு."

குளியலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. அக்கா அவரைப் பார்த்தபடி நின்றாள். எத்தனையோ வருடமாக அந்த மனிதரைத் திட்டித் தீர்த்த வாய், இந்த ஒரு தடவை திட்டத் தெரியாமல் திறந்து மூடியது. அப்புறம் போய் அவர் சட்டையைப் பிடித்து, நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் எட்டாக மடித்த பேப்பரால் அவளுக்கு விசிறினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் சின்னவள் 'குணமான' தட்டுகள் அத்தனையையும் பிளீச்சிங் கரைசலில் கொட்டினாள். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "ஒண்ணையாவது வச்சிரும்மா, வர்றவங்களுக்குக் காட்ட ஆகும்" என்றார். பெற்றோர் எல்லோருக்கும் அவளே போன் போட்டுச் சொன்னாள். சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நடைவழியில் படம் மாறியது. புதுப் படத்தில் பேராசிரியர் வெறும் நாற்காலியில், வெறுங்கையோடு, தொலைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குறித்த தேதியில் குட்டிமாவைச் சேர்த்தார்கள். கண்ணாடி அறைக்குள் அக்கா மட்டும்தான் போகலாம். சின்னவள் வெளியே, கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றாள். முடி மழித்த தலையோடு குழந்தை கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கியில் ஒரு பை தொங்கியது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய மஜ்ஜை, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. அந்தப் பையில் ஒட்டியிருந்த பெயரை நர்ஸ் இரண்டு தடவை வாசித்ததைச் சின்னவள் பார்த்திருந்தாள். அதற்காக அந்த நர்ஸின் கையை முத்தமிடலாம் போல இருந்தது.

அக்கா உள்ளேயிருந்த போனை எடுத்துக் குழந்தையின் காதில் வைத்து, கண்ணாடிப் பக்கம் கைகாட்டினாள். குட்டிமா திரும்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சின்னவள் வெளியே மாட்டியிருந்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"த்தி" என்றாள் குட்டிமா.